விசாரணையின்றிச் சிறை: ஓர் அதிகாரத்தின் இரு நூற்றாண்டு

குற்றம் செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் குற்றம் செய்யக்கூடும் என்று ஐயுறப்படும் ஒருவரை, அவர் எதையும் செய்வதற்கு முன்பே, குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி அடைத்து வைக்கும் அதிகாரம் நிர்வாகத்துறைக்கு உண்டு என்பதை இந்தியாவில் நடப்பிலிருந்த சட்டம் 1818 முதல் ஏறக்குறைய இடைவெளியின்றி ஏற்று வந்திருக்கிறது. தடுப்புக் காவல் எனப்படும் இந்த அதிகாரத்தின் மடியில்தான் பின்னாளில் தடா, பொடா, ஊபா என்று சுருக்கப் பெயர்களால் அறியப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் பிறந்தன. அவற்றைத் தனித்தனிச் சட்டங்களாக, தனித்தனி ஆட்சிகளின் அத்துமீறல்களாகப் பார்க்கும் வழக்கம் அரசியல் மேடைகளில் வேரூன்றியிருக்கிறது. வரலாற்றை வரிசையாகப் படிப்பவருக்குத் தென்படுவது வேறொன்று: சட்டத்தின் பெயர் காலாவதியாகிறது, அல்லது மக்கள் எதிர்ப்பால் நீக்கப்படுகிறது, அதன் முக்கியமான பிரிவுகளோ சிறிது காலம் கழித்து வேறொரு சட்டத்துக்குள் குடியேறி, முன்பைவிட உறுதியாக வேர்விடுகின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1818ஆம் ஆண்டு வங்காள மாகாணத்தில் பிறப்பிக்கப்பட்ட மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டமே இந்த வரலாற்றின் தொடக்கம். அந்நிய அரசுகளுடனான உறவு, சுதேச மன்னர்களின் எல்லைக்குள் அமைதி, உள்நாட்டுக் கலகத்திலிருந்து பாதுகாப்பு ஆகிய அரசியல் காரணங்களுக்காக, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இல்லாதவரையும்கூடக் காவலில் வைக்கலாம் என்று அதன் முகவுரை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. கவர்னர் ஜெனரலின் ஆணை ஒன்றே போதும். கால வரம்பு கிடையாது. காவலில் இருப்பவரின் நடத்தை, உடல்நலம் ஆகியவை பற்றி ஆண்டுக்கு இருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உதவித்தொகை தரலாம் என்பதும் அச்சட்டத்தில் இருந்தன. ஆட்சியிழந்த அரசர்களையும் படைத் தலைவர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டதால்தான் இத்தகைய மரியாதைகள் அதில் இடம்பெற்றன என்று கருத இடமுண்டு. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கும், 1827இல் பம்பாய் மாகாணத்துக்கும் இதே போன்ற ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன.

அரசர்களின் காலம் முடிந்த பிறகும் சட்டம் முடியவில்லை. 1870இல் அமீர் கான் என்ற கல்கத்தா வணிகர், தம்மைக் காவலில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்; காவலில் உள்ளவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தி, அடைத்து வைத்ததற்கான காரணத்தைக் காட்டும்படி அரசைக் கேட்கும் மனுவே ஆட்கொணர்வு மனு. நீதிபதி நார்மன் அதைத் தள்ளுபடி செய்தார். 1907இல் பஞ்சாபில் நிலவரி, நீர்வரிக் கிளர்ச்சி எழுந்தபோது லாலா லஜபதி ராயும் அஜித் சிங்கும் இதே 1818ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டு, விசாரணை எதுவும் இன்றி மாண்டலே கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். மன்னர்களுக்காகச் செய்த சட்டம் ஒரு வழக்கறிஞர்மீது பாய்வதற்கு 89 ஆண்டுகள் ஆயின; பிற்காலத்தில் அந்த இடைவெளி சில மாதங்களாகச் சுருங்கிவிட்டது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இயற்றப்பட்ட 1915ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டம், போர் முடிந்த ஆறு மாதத்தில் முடிவுக்கு வர வேண்டியது. போர்க்கால அதிகாரங்களை அமைதிக் காலத்திலும் வைத்துக்கொள்ள விரும்பிய அரசு, புரட்சி இயக்கங்களை ஆராய்வதற்காக நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் உறுப்பினர்களுள் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசாமி சாஸ்திரி. அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த ரௌலட் சட்டம், 1919 மார்ச் மாதம், சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. அப்போது சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியின் மனத்தில்தான், நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி நோன்பிருப்பது என்ற கருத்து முதன்முதலாக எழுந்தது. அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் அடக்குமுறையும் ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாகில் வந்து முடிந்தன. அரசுக் கணக்கின்படியே அங்கு மாண்டவர்கள் 379 பேர். ரௌலட் சட்டம் நடைமுறையில் பயன்படுத்தப்படாமலேயே 1922இல் நீக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு அச்சட்டத்தை வென்றது என்பது உண்மை. ஆனால் 1818ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அதிகாரத்தின் அளவுகோலே மாறியது. 1939ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட விதிகளில் 26ஆம் விதி, ஒருவரைத் தடுத்து வைப்பது தேவை என்று அரசு தன் மனத்தளவில் நிறைவு அடைந்தாலே போதும் என்றது. இந்த மனநிறைவுக்கு நியாயமான அடிப்படை உண்டா என்று நீதிமன்றம் கேட்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். சட்ட மொழியில் அகவய மனநிறைவு எனப்படும் இக்கோட்பாடே பின்வந்த எல்லாச் சட்டங்களின் அச்சாணி. 1943இல் கேசவ் தல்பாடே வழக்கில், தலைமை நீதிபதி மாரிஸ் குவயர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம், மூலச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை மீறியது என்று கூறி 26ஆம் விதியைச் செல்லாததாக்கியது. சில நாள்களுக்குள் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பிக்கப்பட்டு, அவ்விதி முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் லிவர்சிட்ஜ் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அமைச்சரின் பக்கம் நிற்க, பிரபு அட்கின் ஒருவரே, போர்க்காலத்திலும் சட்டத்தின் குரல் மாறிவிடக் கூடாது என்று எதிர்த் தீர்ப்பு எழுதினார். போர் முடிந்ததும் இங்கிலாந்து அந்த அதிகாரத்தைக் கைவிட்டது. இந்தியாவிலோ, விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே மாகாணங்கள் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டங்கள் என்ற பெயரில் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டன.

அரசமைப்பை எழுதியவர்களில் பலர் தாமே சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள். அப்படியிருந்தும், ஒருவரின் உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிப்பதற்கு முறையான, நியாயமான சட்ட நெறி தேவை என்ற அமெரிக்க வாசகம் வரைவிலிருந்து நீக்கப்பட்டு, சட்டம் வகுத்த நடைமுறை என்ற சொற்கள் இடப்பட்டன. சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் அது போதும் என்று பொருள் கொள்ள இது வழிவிட்டது. இம்மாற்றத்தை ஆதரித்தவர்களுள் சென்னையின் பெரும் சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். இதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டும் முயற்சியாகவே, இன்று 22ஆம் உறுப்பாக உள்ள பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் முன்வைத்தார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் தடுப்புக் காவலில் வைக்கப்படுபவர்களுக்கு இந்த உரிமைகள் கிடையாது என்றும் அதே உறுப்பு சொன்னது. மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க, அறிவுரைக் கழகம் எனப்படும் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதே அவர்களுக்கான முதன்மைப் பாதுகாப்பு. அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடும் இயலுக்குள்ளேயே, போர்க்காலம் என்ற நிபந்தனைகூட இல்லாமல், விசாரணையற்ற சிறைக்கு இடம் கொடுத்த மக்களாட்சி அரசமைப்புகள் உலகில் மிக அரிது. நாட்டுப் பிரிவினையின் குருதி காயாத நாள்கள் அவை, தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்த நாள்கள் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அந்த நாள்களின் அச்சம் அரசமைப்பின் நிலையான வரிகளாக உறைந்துபோனதன் விலையைப் பின்வந்த தலைமுறைகளே செலுத்தின.

குடியரசு பிறந்து ஒரு மாதம் நிறையும் முன்பே, 1950 பிப்ரவரி 25ஆம் நாள், தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மசோதாவைக் கொண்டுவந்த சர்தார் பட்டேல், இதன் பொருட்டுத் தாம் உறக்கமின்றிக் கழித்த இரவுகளைப் பற்றி அவையில் பேசினார். இரு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 11ஆம் நாள், சேலம் மத்திய சிறையில் காவலர்கள் சுட்டதில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் இறந்திருந்தனர். சட்டத்தின் ஆயுள் ஓராண்டு மட்டுமே என்று சொல்லப்பட்டது. அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 டிசம்பர் வரை நீடித்தது.

அச்சட்டத்தை முதலில் எதிர்த்து நின்றவர், அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன். அவர் 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தான பின்பும் வெளியே வர முடியவில்லை. மாகாணச் சட்டத்தின்படி சிறையில் இருந்தவரிடமே, 1950 மார்ச் 1ஆம் நாள், புதிய மத்தியச் சட்டத்தின்படி இன்னோர் ஆணை கொடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடிய சென்னை வழக்கறிஞர் எம். கே. நம்பியார் முன்வைத்த வாதம் பின்னாளின் சட்ட வரலாற்றையே மாற்றக்கூடியதாக இருந்தது: அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது, ஒருவரை அடைத்து வைத்தால் அவருடைய பேச்சுரிமையும் நடமாட்ட உரிமையும் சேர்ந்தே பறிபோகின்றன, ஆகவே அச்சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் சோதித்துப் பார்க்க வேண்டும். மே 19ஆம் நாள் வந்த தீர்ப்பில், ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையோர் இதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது, அது பின்பற்றப்பட்டால் போதும் என்றனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பசல் அலியின் பார்வையை உச்ச நீதிமன்றம் முழுமையாக ஏற்க 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு வரை, 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் நேர்ந்ததை நாடு நன்கறியும். 1969இன் இறுதியில் பழைய சட்டம் காலாவதியான பின், 1971 மே மாதம் வரையில் மட்டுமே மத்தியில் தடுப்புக் காவல் சட்டம் எதுவும் இல்லாத ஓர் இடைவேளை இருந்தது. வங்கதேச நெருக்கடியின்போது வந்த உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம், அதாவது மிசா, அந்த இடைவேளையை முடித்து வைத்தது. அந்நிய உளவாளிகளைக் குறிவைத்து வந்ததாகச் சொல்லப்பட்ட அச்சட்டத்தின்கீழ், 1975 ஜூன் 25ஆம் நாள் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின் காலத்தில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர் என்று ஷா ஆணையம் பின்னர் கணக்கிட்டது. காவலுக்கான காரணத்தைக் கைதியிடமே சொல்ல வேண்டியதில்லை என்ற 16-அ பிரிவும் அப்போது சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம், அடி உதை நடந்தது உண்மை என்று உறுதிசெய்தது. அந்தச் சிறையில் இருந்த சென்னை முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு உயிரிழந்தார். மிசா என்ற சொல் தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் பலரின் பெயருக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது அவ்வாறுதான்.

அந்நாள்களில் சென்னை உட்பட ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் காவல் ஆணை சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்று துணிந்து கூறின. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் வழக்கு என்று அறியப்படும் மேல்முறையீட்டில், 1976 ஏப்ரல் 28ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அக்கூற்றை மறுத்தனர். காவலர் ஒருவர் தனிப்பட்ட பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச். ஆர். கன்னா விசாரணையின்போது கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் விடையாக இருந்தது. தனித்து நின்று எதிர்த் தீர்ப்பு எழுதிய கன்னாவைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். பெரும்பான்மைத் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே 2017இல் அறிவித்தது. நெருக்கடி நிலைக்குப் பின்வந்த ஜனதா ஆட்சி மிசாவை நீக்கியது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் உறுப்பை இனி எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது என்று அரசமைப்பின் 44ஆம் திருத்தம் உறுதிசெய்தது. அதே திருத்தத்தின் 3ஆம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதலின்றிக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்து, அக்கழகத்தில் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பரிந்துரைப்பவர்களே இடம்பெற வேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்ற அப்பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை. அரசை அவ்வாறு செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1981இல் ஏ. கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. இவ்வரலாறு முழுவதிலும் இதைவிட மனத்தை வருத்தும் செய்தி இல்லை. மிசாவின்கீழ் சிறை சென்றவர்களும் அவர்களின் அரசியல் வாரிசுகளும் தில்லியில் பலமுறை ஆட்சியில் அமர்ந்தும், தாமே கேட்ட அந்த மிகச் சிறிய பாதுகாப்புக்கு உயிர் கொடுக்கவில்லை.

1985இல் அதிகாரத்தின் வடிவம் மாறத் தொடங்கியது. பஞ்சாப் வன்முறை உச்சத்தில் இருந்தபோது, மே மாதம் தில்லியிலும் சுற்றுப்புற மாநிலங்களிலும் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்துப் பலர் இறந்த சில நாள்களில், தடா என்ற பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இரண்டாண்டுக்கு மட்டும் என்று நிறைவேறியது. தடுப்புக் காவல் சட்டங்களில் வழக்கே கிடையாது. தடாவில் வழக்கு உண்டு, குற்றச்சாட்டு உண்டு, தனி நீதிமன்றமும் உண்டு. ஆனால் காவல்துறையின் பிடியில் 60 நாள், குற்றப்பத்திரிகைக்கு ஓராண்டு, பிணையோ அநேகமாக இல்லை என்ற நிலையில், தீர்ப்புக்கு முன்பான சிறையே தண்டனையாயிற்று. நிர்வாகத்தின் மனநிறைவு இப்போது நீதிமன்ற உடையில் வந்தது.

தடாவின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் அல்லது அவருக்கு மேற்பட்ட நிலையிலுள்ள காவல் அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அடித்து வாங்கப்படும் வாக்குமூலங்களை அறிந்திருந்த காலனி ஆட்சியே, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்பு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும், காவல் அதிகாரியிடம் தரப்பட்ட வாக்குமூலத்தை அடியோடு விலக்கியிருந்தது. அந்நியர் தம் காவலர்மீது வைக்காத நம்பிக்கையைச் சுதந்திர இந்தியா வைத்தது. 1994 மார்ச்சில் கர்த்தார் சிங் வழக்கில், தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் எழுதிய தலைமைத் தீர்ப்பு இப்பிரிவு செல்லும் என்று கூறி, வாக்குமூலம் அச்சமற்ற சூழலில், கைதி பேசிய மொழியிலேயே பதிவாக வேண்டும் என்பது போன்ற நெறிகளை வகுத்தது. ஐவரில் கே. ராமசாமி, ஆர். எம். சகாய் ஆகிய இருவர் அப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றனர்.

அந்த இருவரின் அச்சம் எவ்வளவு பொருளுடையது என்பதைக் காட்ட இராஜீவ் காந்தி கொலை வழக்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு, முன்னாள் பிரதமரையும் பணியில் இருந்த காவலர்கள் உட்படப் பலரையும் கொன்றது. அக்கொடுமையின் கனத்தைக் குறைத்துச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. பூந்தமல்லியில் அமைந்த தடா நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குள் விசாரித்து, 1998 ஜனவரி 28ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. நேரே உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, மூவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. கொலைக்குப் பின்னால் பயங்கரவாதச் செயலுக்குத் தேவையான நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதால், இது தடாவின்படியான குற்றமே அல்ல என்றும் அதே தீர்ப்பு கூறியது. அப்படியானால் தடாவின்படி பெறப்பட்ட வாக்குமூலங்கள் என்னாகும்? அவை பிற குற்றங்களுக்கும் சாட்சியமாகச் செல்லும் என்று நீதிமன்றம் விடை சொன்னது. சட்டம் பொருந்தவில்லை, ஆனால் சட்டம் பெற்றுத்தந்த சாட்சியம் பொருந்தியது.

அந்நால்வரில் ஒருவரான பேரறிவாளன்மீது சாட்டப்பட்டவற்றுள் முதன்மையானது, குண்டை இயக்கப் பயன்பட்ட ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது. வாங்கியதைவிட, எதற்கென்று அறிந்து வாங்கினாரா என்பதே வழக்கின் உயிர். அதற்கான சான்று வாக்குமூலத்தில்தான் இருந்தது. பணி ஓய்வுபெற்ற பின், 2013இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே, பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு காவல் அதிகாரியின் பேனா எதை எழுதிற்று, எதை விட்டது என்பதைக் குறுக்கு விசாரணையில் கண்டறிய முடியாமற்போன ஒரே காரணத்தால், 19 வயதில் கைதான ஒருவர் தூக்குக் கயிற்றின் நிழலில் பல ஆண்டுகள் கழித்தார். 2014இல் தண்டனை குறைக்கப்பட்டு, 2022 மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. அவர் உள்ளே இருந்தது 30 ஆண்டுகளுக்கும் மேல். அவரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் உயிரோடு இருந்ததோ 10 ஆண்டுகள்.

தடாவின்கீழ் 76,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பயங்கரவாதமே இல்லாதிருந்த குஜராத்தில் ஆயிரக்கணக்கானோர் இச்சட்டத்தில் அடைக்கப்பட்டனர். 1995இல் நீட்டிப்புக்கு நேரம் வந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். மே மாதம் தடா காலாவதியானது. ஆயுள் வரம்பு என்ற ஒன்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்ததால்தான், குடிமை உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களுக்குப் பேச ஒரு தேதி கிடைத்தது என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த தாக்குதலையும், டிசம்பரில் இந்திய நாடாளுமன்றத்தின்மீது நடந்த தாக்குதலையும் அடுத்து வந்த பொடா, மாநிலங்களவையில் தோற்று, 2002 மார்ச் 26ஆம் நாள் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதை ஆதரித்து வாக்களித்த ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ, மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் ஆற்றிய உரைக்காக, ஜூலை 11ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து திரும்பிச் சென்னை விமான நிலையத்தில் இறங்கியபோது அதே சட்டத்தில் கைதாகி, 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். பழ. நெடுமாறனும் நக்கீரன் கோபாலும் தொடர்ந்தனர். பயங்கரவாதச் செயலைத் தூண்டும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது; 2004இல் பொடா நீக்கப்பட்டது.

நீக்கப்பட்ட அதே வேளையில், அதன் பயங்கரவாதக் குற்ற இயல் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவுக்குள் கொண்டுசெல்லப்பட்டது. பிரிவினைக் கோரிக்கையைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் வழிவந்த அச்சட்டம், முதலில் அமைப்புகளைத் தடைசெய்வதற்கு மட்டுமே உரியதாக இருந்தது. தி.மு.க. தன் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அத்திருத்தத்தின் சூழலில்தான். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பரில், ஊபாவில் சேர்ந்த பிரிவுகளில் 43-ஈ(5) மிகக் கடுமையானது: காவல்துறையின் அறிக்கையையும் வழக்கு நாட்குறிப்பையும் படித்து, குற்றச்சாட்டு மேலெழுந்தவாரியாக உண்மை என்று தோன்றினால், நீதிமன்றம் பிணை தரக் கூடாது. 2019இல் வடாலி வழக்கில், பிணை மனுவின்போது அந்தச் சாட்சியங்கள் ஏற்கத்தக்கவையா என்று ஆராயவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அமைப்புகளை மட்டுமின்றித் தனிமனிதரையும், எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லாமல், பயங்கரவாதி என்று அரசிதழில் அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. விசாரணை முடிவின்றி நீளும்போது பிணை தரும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் தனக்கும் உண்டு என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரளவு கதவைத் திறந்தது. காவலரிடம் தந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கும் பிரிவு மட்டும் ஊபாவில் இல்லை. இரு நூற்றாண்டுப் போராட்டத்தில் மத்தியச் சட்டத்தின் அளவிலேனும் மக்கள் இயக்கங்கள் தக்கவைத்துக்கொண்ட வெற்றி அது. தடாவுக்கும் பொடாவுக்கும் இருந்த ஆயுள் வரம்பு ஊபாவுக்குக் கிடையாது. ஆகவே எந்த ஆண்டிலும் நாடாளுமன்றம் இதை மீண்டும் எடைபோட்டுப் பார்க்கும் கட்டாயம் எழுவதில்லை.

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்து ஜார்கண்டில் பழங்குடி மக்களின் நில உரிமைக்காக உழைத்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் தம் 83ஆம் வயதில் இச்சட்டத்தில் கைதானார். நடுக்குவாத நோயால் கைகள் நடுங்க, தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாத அவர், உறிஞ்சுகுழலும் உறிஞ்சிக் குடிக்கும் குவளையும் கேட்டு நீதிமன்றத்தை அணுகினார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது புலனாய்வு முகமை. பிணை மறுக்கப்பட்ட அவர், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் காவலில் இருந்தவாறே இறந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை.

தடுப்புக் காவலின் பழைய வடிவமும் மறைந்துவிடவில்லை. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் அன்றாடம் பயன்பாட்டில் உள்ளன. கள்ளச்சாராயம் காய்ச்சுவோரைக் குறிவைத்துத் தொடங்கிய பின்னது, காலப்போக்கில் மணல் கொள்ளையர், இணையக் குற்றவாளிகள் என்று வகைவகையாக விரிந்தது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ போடும் அந்த ஆணைகளில் மிகப் பலவற்றை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்பது போன்ற நடைமுறைக் குறைகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது. அதற்குள் ஆறு மாதமோ எட்டு மாதமோ போய்விடும்.

2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயல் என்ற குற்றத்தை, இதுவரை சிறப்புச் சட்டங்களில் மட்டும் இருந்ததை, நாட்டின் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஊபாவில் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதியும், அதற்குமுன் தனி அதிகாரி ஒருவரின் பரிசீலனையும் வேண்டும். புதிய பிரிவில் அத்தகைய நிபந்தனை எழுதப்படவில்லை. ஒரே செயலுக்கு இவ்விரு சட்டங்களில் எதன்கீழ் வழக்குப் பதிவது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. எந்த அடிப்படையில் முடிவுசெய்ய வேண்டும் என்பதை அது கூறவில்லை.